கசிவக்காவின் பதினாலு மணி நேரம்

எங்கள் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்குக் கசிவக்கா என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டால் எல்லோரும் என்னைக் கைகாட்டுவார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. என்னைவிட நாலு வயது சின்னவர், ஆனாலும் எனக்கு அக்கா என்றுதான் வாயில் வரும். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது, "எங்கயாவது கசியுதா பாத்தீங்களா?" குழாயைப் பார்த்தால் சந்தேகம், மூடியைப் பார்த்தால் சந்தேகம். கேன்டீனில் டீ பிளாஸ்கைக்கூடச் சாய்த்துப் பார்த்து, அடியைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவார்.

நான் பக்கத்துக் கட்டடத்தில் ஃபிலிம் ஊதும் மெஷினை ஓட்டுகிறவன், இருபத்தாறு வருஷமாக. பிளாஸ்டிக் குருணையை உருக்கி, காற்றை ஊதி, ஆளுயரத்துக்கு மேல் பலூனாக எழுப்பி, அதை அமுக்கிச் சுருட்டி எடுப்பது என் வேலை. நான் எடுத்துக் கொடுத்ததைக் கசிவக்கா சோதித்துப் பார்த்து, "தேறாது" என்று ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். மூன்று வாரம் மல்லுக்கட்டி எடுத்த சுருளை ஒரு வார்த்தையில் தள்ளுகிறவர்மேல் யாருக்குப் பிரியம் வரும்? எனக்கு வரவில்லை. அவர் வாசலில் வந்து நின்றாலே மெஷின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும்.

அவர் வேலையைத் தூரத்திலிருந்து பார்த்தால் வேலை மாதிரியே தெரியாது. எஃகுக் கிண்ணம் இரண்டு, நடுவே வட்டமாக வெட்டிய ஃபிலிம். இரண்டையும் சேர்த்து ஆறு போல்ட் போட்டு இறுக்குவார். மேல் கிண்ணத்தில் நாற்ற வாயுவைத் திறந்துவிடுவார். அழுகிய முட்டையில் வருமே, அந்த வாயுதான், சிலிண்டரில் கொஞ்சமாகக் கலந்து வரும். கீழ்க் கிண்ணத்துக்கு வந்துசேரும் வாயுவை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடும். வாயு வராத வரைக்கும் கோடு தரையோடு கிடக்கும், வந்துவிட்டால் ஏறும். அவ்வளவுதான். கசிவக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஓட்டையே இல்லாத ஃபிலிம்ல வாயு எப்படிக்கா போகும்? நீங்க போல்ட்ட சரியா இறுக்கல, பழிய என் மெஷின்மேல போடறீங்க" என்று ஒரு நாள் சண்டைக்குப் போனேன்.

"ஓட்டையெல்லாம் வேணாம் அண்ணே. வாயு மொதல்ல பிளாஸ்டிக்ல கரையும், தண்ணில சக்கர கரையறாப்ல. கரைஞ்சப்பறம் உள்ளயே இடம் கெடைக்கற பக்கமா நகந்து நகந்து அந்தப் பக்கம் வெளிய வந்துரும். எவ்வளவு கரையுதுங்கறது ஒரு கணக்கு. எவ்வளவு வேகமா நகருதுங்கறது வேற கணக்கு. நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பி கசியுது, கசியுதுங்கறீங்க."

"அப்படிச் சொல்றது நீங்கதானே!"

"அது உங்களுக்குப் புரியணுமேன்னு சொல்றது" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்று மதியம் சாப்பாடே இறங்கவில்லை.

அப்போது நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரிப் பை செய்வதற்கான ஃபிலிம். குடலில் ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு மலம் வெளியேற வயிற்றிலேயே ஒரு வாய் வைத்துவிடுவார்கள். அந்த வாய்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். பை கிழியாது, சொட்டாது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. வாடைதான் பெரிய விஷயம். ஃபிலிமில் கரைந்து, நகர்ந்து, மெதுவாக வெளியே வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பிளாஸ்டிக்கில் மாவைவிடப் பல ஆயிரம் மடங்கு நுண்ணிய களிமண் தகடுகளைக் கலந்து பார்த்தோம். வாயு நேராகப் போக முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் சுற்றிக்கொண்டு போகும், நேரமாகும். காகிதத்தில் எழுதினால் அழகாகத்தான் இருக்கும். மெஷினில் போட்டால் அந்தப் பொடி கட்டி கட்டியாகச் சேர்ந்து பலூனைக் கிழிக்கும். பத்து முறை கலவையை மாற்றினோம். பத்தும் தேறாது.

கதையில் மர்மம் வைக்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. எனக்கே ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது என்றாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். கசிவக்காவின் வீட்டுக்காரருக்கு வயிற்றில் அந்தப் பை இருந்தது.

அவர் முடி வெட்டுகிறவர். அவரும் அவர் தம்பியுமாக ஒரு கடை, இரண்டு நாற்காலி. ஆபரேஷன் முடிந்து தேறி, மூன்றாம் மாதம் உற்சாகமாகத்தான் கடைக்குப் போயிருக்கிறார். முடி வெட்டுகிறவர் வயிறு எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு நேராக இருக்கும். அன்று மதியம் நாற்காலியில் இருந்த ஆள் மூக்கைச் சுருக்கி, "என்னங்க, சாக்கடை அடைச்சிருக்கா?" என்று வாசல் பக்கம் பார்த்திருக்கிறார். அவர் இவரைச் சொல்லவே இல்லை. இவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கமாக வெளியேறி வீட்டுக்கு வந்துவிட்டார். பாதித் தலையோடு இருந்தவரைத் தம்பிதான் முடித்து அனுப்பினாராம்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் இரண்டு மாதமும் அவர் கேட்டைத் தாண்டவில்லை. வீட்டில் மழை நாளிலும் ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கும். யாராவது வந்தால் உள் அறைக்குப் போய்விடுவார். சந்தையில் கிடைக்கும் பைகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றின் அட்டையிலும் வாடையே வராது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், ஒவ்வொன்றும் மதியத்துக்குமேல் காட்டிக்கொடுத்துவிடும். கசிவக்கா, "எனக்கு ஒண்ணும் வரலீங்க, நெஜமா" என்று சத்தியம் செய்து பார்த்திருக்கிறார்.

"உன் மூக்கு என் கட்சி. அதுகிட்ட கேட்டு என்ன பண்றது?" என்பாராம் அவர்.

தம்பி அண்ணனின் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கூட்டம் சேர்ந்து வந்தவர்கள் திரும்பிப் போக ஆரம்பித்ததும், "அண்ணி, அண்ணன் வரலைன்னா வேற ஒருத்தரப் போடணும். எனக்கு மனசு வரல, ஆனா வேற வழி தெரியல" என்று ஒரு நாள் சொல்லிவிட்டார். இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மா தினமும் வந்து என் ஃபிலிமைச் சோதித்து, தேறாது, தேறாது என்று எழுதியிருக்கிறார். நானோ வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றாவது கலவைக்கு டாக்டர் வேறு பொடி ஒன்றைக் கொண்டுவந்தார். டாக்டர் என்றால் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, பிளாஸ்டிக்கில் பட்டம் வாங்கியவர். எங்கள் ஆராய்ச்சிக்குத் தலைவி. என் மூத்த மகள் வயதுதான் இருக்கும், சாப்பிட மறந்துவிட்டுத் தலைவலிக்கிறது என்பார். இந்தப் பொடியின் துகள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத அறைகள் உண்டு என்றார். "உங்க மெஷின்ல மட்டும் கட்டி கட்டாம பாத்துக்கோங்கண்ணா." பார்த்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் திருகின் வேகத்தைக் குறைத்து, சூட்டை நாலு டிகிரி ஏற்றி, பொடியை முந்தின நாளே காயவைத்து ஓட்டினேன். பலூன் கண்ணாடி மாதிரி எழுந்தது.

கசிவக்கா அதைக் கிண்ணத்தில் மாட்டி வாயுவைத் திறந்தார். சாதாரண ஃபிலிமில் இருபது நிமிஷத்தில் கோடு ஏறிவிடும். களிமண் தகடு போட்டதில் அதிகம் போனால் ஐம்பது நிமிஷம். இதில் ஒரு மணி நேரம் ஆகியும் கோடு தரையில் கிடந்தது. இரண்டு மணி நேரம் ஆனது, மூன்றானது. ஆறு மணி நேரம் முடியும்போது டாக்டர், நான், பக்கத்து அறைக்காரர்கள் எல்லோரும் திரை முன்னால் நின்றோம். கோடு அசையவே இல்லை. டாக்டர் குதித்தே விட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"கையெழுத்தப் போடுங்கக்கா, தேறியாச்சு" என்றேன்.

கசிவக்கா பேனாவை எடுக்கவில்லை. சென்சார் செத்துப்போயிருக்கும் என்றார். அதற்குள் கொஞ்சம் வாயுவை நேராக விட்டுப் பார்த்தார், உயிரோடுதான் இருந்தது. போல்ட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். எங்கேயும் குறை இல்லை.

"இன்னும் என்னக்கா சந்தேகம்? வாயு வரல. வரலைன்னா வரலதானே?"

"மேல கிண்ணத்துல வாயு கொறைஞ்சிருக்கு அண்ணே. வெளிய போகல, கீழயும் வரல. அப்ப அது எங்க இருக்கு?"

அவர் கிண்ணத்தைப் பிரித்து, ஃபிலிம் வட்டத்தை இடுக்கியால் எடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் நுண் தராசில் வைத்தார். வட்டம் வெட்டும்போதே எடையைக் குறித்து வைப்பது அவர் வழக்கம், யாரும் சொல்லிச் செய்வதல்ல. எடை கூடியிருந்தது. ஒரு தலைமுடியின் எடைகூட வராது, ஆனால் கூடியிருந்தது.

"குடிச்சிருக்கு" என்றார். "பொடியில இருக்கற ரூமெல்லாம் வாயுவப் பிடிச்சு வச்சிருக்கு. நகர விடாம இல்ல, கரைச்சு கரைச்சு உள்ளயே வச்சுக்குது. வயிறு ரொம்பினதும் விட்டுரும்."

"எப்ப ரொம்பும்?"

"அதான் தெரியணும். நம்ம சோதன ஆறு மணி நேரத்துல நின்னுருதே."

அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வாயு விஷம், ஆள் இல்லாத நேரத்தில் சிலிண்டர் திறந்திருக்கக் கூடாது என்பது கட்டளை. காலையில் வந்து, மாட்டி, பத்து மணிக்குத் திறந்தால் நாலு மணிக்கு மூடிவிட்டு, எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும். ஐம்பது நிமிஷத்தில் தோற்றுப்போகும் ஃபிலிமுக்கு ஆறு மணி நேரம் தாராளம். அதனால் படிவத்திலேயே ஆறு மணி நேரம் என்று அச்சடித்துவிட்டார்கள். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பார்த்து, ஆறு மணி நேரம் தாங்கினால் எப்போதும் தாங்கும் என்று நாங்களே நம்பிவிட்டோம். அது விஞ்ஞானத்தில் வந்த எண் இல்லை, வீட்டுக்குப் போகும் பஸ்ஸால் வந்த எண்.

"படிவத்துல ஆறுதான் கேக்குது. ஆறு தாங்கிருச்சு. கையெழுத்துப் போட்டா யாருக்கு நஷ்டம்? ஏன் இப்படி வம்பை வெலைக்கு வாங்கறீங்க?" என்று கத்தினேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "யாரோ ஒருத்தர் அத நம்பி வெளிய போவாங்க அண்ணே" என்று மட்டும் சொன்னார். படிவத்தை மடித்து மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

டாக்டருக்கும் வருத்தம்தான், ஆனால் நியாயம் புரிந்தவர். ஆள் மாற்றி ஆள் உட்கார அனுமதி வாங்கினார். பகலெல்லாம் கசிவக்கா, மற்ற நேரத்தை நானும் டாக்டரும் பிரித்துக்கொண்டோம். சாயங்காலமானால் மட்டும் கசிவக்கா யார் சொன்னாலும் நிற்கமாட்டார், வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்பார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நான் முணுமுணுத்தேன், அது வேறு விஷயம்.

காலை பத்து மணிக்குத் திறந்தது. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அதாவது முப்பத்தோராவது மணி நேரத்தில், கோடு தரையை விட்டு எழுந்தது. முதலில் சந்தேகமாக, பிறகு சந்தேகமே இல்லாமல். ஏறி ஏறி, சாதாரண ஃபிலிம் எந்த உயரத்தில் போய் நிற்குமோ அதே உயரத்தில் நின்றது. டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"முடிஞ்சுபோச்சு. கடைசில பழைய ஃபிலிமும் இதுவும் ஒண்ணுதான். கொஞ்சம் லேட்டா ஆரம்பிக்குது, அவ்ளோதான். ஒரு வருஷ வேல போச்சு அண்ணா."

நான் கசிவக்காவைத் திரும்பிப் பார்த்தேன், "இப்ப திருப்திதானே?" என்று கேட்பதற்காக. அந்த அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. எட்டு வருஷத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

"டாக்டர், ஒரு பைய எவ்வளவு நேரம் போட்டுக்குவாங்கன்னு நெனைக்கறீங்க?"

"ரெண்டு மூணு நாள்னு ரிப்போர்ட்ல படிச்சேன்."

"சில பேர் அப்படி. தெனம் மாத்தறவங்களும் இருக்காங்க. எங்க வீட்டுக்காரர் தெனம் காலைல ஏழு மணிக்கு மாத்துவாரு. நான்தான் கூட நின்னு மாத்தி விடறேன்."

பிறகுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடை, நாற்காலி, பாதித் தலையோடு விட்டுவிட்டு வந்தது, திறந்தே கிடக்கும் ஜன்னல், எல்லாம். அழாமல் சொன்னார். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்னைக்குமே விடாத ஃபிலிம் எங்களுக்கு வேணாம் டாக்டர். எவ்வளவு நேரம் விடாதுன்னு நெஜமாத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

டாக்டர் எழுந்துவிட்டார். "அப்ப முப்பத்தோரு மணி நேரம்! தாராளமாப் போதுமே அக்கா! எழுதிரலாம்!"

இங்கேதான் நான் தலையில் அடித்துக்கொண்டது. கசிவக்கா மறுபடியும் பேனாவை எடுக்கவில்லை. "நம்ம ரூம் இருவத்து மூணு டிகிரி. காஞ்ச வாயு. எங்க வீட்டுக்காரர் வயிறு இருவத்து மூணு டிகிரில இல்லீங்களே. வேர்வையும் இருக்கு, ஈரமும் இருக்கு. தண்ணி பொடியில இருக்கற ரூமுக்குள்ள மொதல்ல போய் உக்காந்துட்டா, வாயுவுக்கு எடம் எங்க இருக்கும்?"

கிண்ணத்தை உடம்புச் சூட்டுக்கு வெந்நீரில் வைத்து, வாயுவை ஈரப்படுத்தி மறுபடி ஓட்டினார். ஐந்து மணி நேரம். ஐந்தே மணி நேரத்தில் கோடு எழுந்துவிட்டது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாயங்காலம் கைப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது படிக்கட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மாதிரி ஒரு எண்ணைக் கண்டுபிடித்து, அதைப் படிவத்தில் தன் கையாலேயே 'ஐந்து' என்று எழுதி வைத்திருந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, ஆனால் பிளாஸ்டிக் தெரியும். நாங்கள் தினமும் ஓட்டும் சாதாரண பிளாஸ்டிக் வாயுவை விட்டுவிடும், தண்ணீரை லேசில் விடாது. அதனால்தான் அதில் ரொட்டியும் மாத்திரையும் கட்டுகிறார்கள். அப்படியென்றால் பொடி கலந்ததை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் வெறும் பிளாஸ்டிக்கை மெல்லிசாக ஊதினால்? நாற்றம் உள்ளே வரும், மாட்டிக்கொள்ளும். ஈரம் வாசலிலேயே காத்து நிற்கும்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் இரண்டு நிமிஷம் கூரையைப் பார்த்தார். "அண்ணா, இத்தன நாள் ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?" என்றேன்.

மூன்று அடுக்கு ஊதுவது சும்மா இல்லை. நடு அடுக்கு ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, ஒன்பது நாள் என் உயிரை வாங்கியது. கசிவக்கா வேலை முடிந்து தினமும் மெஷின் பக்கம் வந்து நிற்பார். சுருளின் விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். நானும் மெஷின் சத்தத்தைக் கூட்டவில்லை. பத்தாம் நாள் சமமான சுருள் ஒன்று கிடைத்தது. உடம்புச் சூட்டில், ஈரத்தோடு, மூன்று தனித்தனித் துண்டுகளை ஓட்டினார். ஒன்று பதினாலே கால் மணி நேரம், ஒன்று பதினாலரை, ஒன்று பதினைந்து. மூன்றிலும் சின்னதை எடுத்து, அதிலும் கால் மணியைக் கழித்து, 'பதினாலு மணி நேரம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அவர் போட்டு நான் பார்த்த முதல் தேர்ச்சிக் கையெழுத்து அது. கையெழுத்து அப்படி ஒன்றும் அழகில்லை.

விற்பனைப் பிரிவுக்காரர் ஓடிவந்து, அட்டையில் 'நாள் முழுவதும்' என்று போடலாமே, கேட்க நன்றாக இருக்குமே என்றார். "நாள்னா இருவத்து நாலு மணி நேரம் தம்பி" என்றார் கசிவக்கா. விற்பனைக்காரர் 'பதினாலு'க்கு வந்து சேர ஒரு வாரம் ஆனது. பிறகு தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்ற சோதனைகள், ஆஸ்பத்திரி அனுமதி என்று ஏழெட்டு மாதம் போய், நாற்பது பேருக்கு அந்தப் பையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நர்ஸ் எழுதிய பட்டியலில் கசிவக்காவின் வீட்டுக்காரரும் இருந்தார். அதுவரைக்கும் தம்பி வேறு ஆளைப் போடாமல் தாக்குப்பிடித்தது பெரிய காரியம்.

பை வீட்டுக்கு வந்த நாளைக் கசிவக்கா எனக்குச் சொன்னார். வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

"இதுல எழுதியிருக்கறது நீ பாத்த நம்பரா?"

"ஆமா."

"பதினாலுன்னா பதினாலேதானா?"

"பதினாலு வரைக்கும் கோடு தரையிலதான் கெடக்கும். அதுக்கப்பறம் நான் பொறுப்பில்ல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டுக்காரர் பையை மாட்டிக்கொண்டு, எட்டு மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு, கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டாராம். அன்று கசிவக்கா வேலையில் இல்லாத தவறெல்லாம் செய்தார். ஒரு போல்ட்டை மாட்டாமலே வாயுவைத் திறக்கப் போனார், நான்தான் தடுத்தேன். என் ஆயுளில் கசிவக்காவிடம், "எங்கயாவது கசியுதா பாத்தீங்களா?" என்று கேட்கும் பாக்கியம் அன்றுதான் கிடைத்தது.

வேலை முடிந்ததும் நேராக அந்தக் கடைக்குப் போனேன். முடி வெட்ட என்று சொல்லிக்கொண்டேன், வேடிக்கை பார்க்கத்தான் போனேன். நீளமான கண்ணாடி, இரண்டு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. ஒரு நாற்காலியில் தம்பி. இன்னொன்றில், நரைத்த கிருதாவோடு மெலிந்த ஒரு மனிதர், ஒரு கிழவரின் காதோரம் குனிந்து கத்தி வைத்துக்கொண்டிருந்தார். அவர் வயிறு கிழவரின் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கிழவர் கண்ணை மூடி, பாதித் தூக்கத்தில் இருந்தார். எனக்கு முன்னால் பெஞ்சில் ஒரே ஒருவர். நான் போய் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.

ஏழரை மணிக்குக் கசிவக்கா வந்து வாசலில் நின்றார். ஓடி வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"கெளம்புங்க. ஏழரை ஆச்சு. போதும் இன்னைக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

வீட்டுக்காரர் நிமிரவில்லை. "எத்தன மணிக்கு மாட்டினோம்?"

"ஏழு மணிக்கு."

"உன் நம்பர் என்ன?"

"பதினாலு" என்றார்.

"அப்ப ஒம்பது மணி வரைக்கும் இருக்கு. இவருக்கு ஒரு பத்து நிமிஷம். அடுத்தவருக்கு அரை மணி. வீட்டுக்கு நடக்க பத்து நிமிஷம். இன்னும் மிச்சம் இருக்கே. எதுக்கு இப்படிப் பதறுற? ஒக்காரு."

சொல்லிவிட்டுக் கிழவரின் தாடையைத் தூக்கி, இன்னும் கிட்டத்தில் குனிந்தார். கசிவக்கா உட்கார இடம் தேடினார். நான் எழுந்து கொடுத்தேன். அப்போதுதான் அவர் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க தலைக்கு முக்கா மணி நேரம் ஆகும் போலருக்கு. இன்னைக்கு முடியாது. நாளைக்கு வாங்களேன்."

வெட்டாத தலையோடு வீட்டுக்கு நடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக எந்தக் கடையும் என்னைத் திருப்பி அனுப்பியதில்லை. மறுநாள் சாயங்காலம் சீக்கிரமாகவே போனேன். பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள்.